அறுபது சதவீத வெளிச்சம்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய ஆய்வகத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இயக்குநர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் உங்களுக்காக ஒரு தபால்தலையைக்கூட நாக்கில் வைத்திருக்க மாட்டேன். வாசல் காவல் அறையில் கம்பித் தொலைபேசி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. என் குரலைக் கேட்டதும் நீங்கள் பட்டென்று வைத்துவிடுவீர்கள் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தக் கடிதத்தின் நகல் இயக்குநரின் கோப்புக்கும் போகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களுக்கு வராது என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போங்கள்.

இது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கிற இடம். மைதானம் முழுக்கப் பெரிய பெரிய தட்டுகள் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு செல்பேசி கூவினாலும் அவற்றுக்குக் காது அடைத்துவிடும். அதனால் செல்பேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வைஃபை கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பு கிடையாது. கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் கையில் டேப்லெட்டோடு இயந்திர அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறவர்கள். அவர்களுக்குச் செய்தி போய்ச்சேர ஒரே வழி, கூரையில் எரிகிற எல்.இ.டி விளக்கு. அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கூடிக் குறைகிறது. டேப்லெட்டின் தலையில் ஒட்டிய ரிசீவர் அதைப் படித்துக்கொள்கிறது.

அந்த வெளிச்சத்தில் வரும் சிதைவைக் குறைப்பதற்குத்தான் உங்களிடமிருந்து திருத்த அட்டவணை வாங்கினோம். சென்ற வாரம் அதை ஏற்றினேன். சிதைவு குறையவில்லை, கூடிவிட்டது. அட்டவணையை எடுத்துவிட்டால் ஏதோ சுமாராக ஓடுகிறது. போட்டால் டேப்லெட்டில் வெறும் குப்பை.

மார்ச் கடைசியில் இறுதிச் சோதனை. தோற்றால் விளக்குகளைச் சும்மா எரியவிட்டு, பழையபடி கேபிள் இழுத்துவிடுவார்கள். விளக்குக்கென்று போட்ட என் வேலையும் அதோடு போய்விடும். தயவுசெய்து அட்டவணையைச் சரிபார்த்து அனுப்பவும்.

இப்படிக்கு,
விளக்குப் பிரிவுப் பொறியாளர்


பிப்ரவரி 13

அவசரக்குடுக்கைக்கு,

நீங்கள், உங்களுக்கு, தயவுசெய்து என்று மரியாதையை மழையாகப் பொழிந்திருக்கிறாய். தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கூடப் பிறந்த அக்காவுக்குக் கடிதம் எழுத இயக்குநர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்.

நகல் கோப்புக்குப் போகிறதல்லவா, நானும் முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்கும் ஒருமுறை மண்டையில் ஏறட்டும். விளக்கு ஒரு சோம்பேறி. கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் கொஞ்சம் வெளிச்சம் தரும். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு தர வேண்டும், தராது. உச்சிக்குப் போகப் போக இழுத்தடிக்கும். செய்தி சிதைவது அந்த இடத்தில்தான். எவ்வளவு இழுத்தடிக்கும் என்று முன்கூட்டியே அளந்து, அந்த அளவுக்குக் கூடுதலாகத் தள்ளி அனுப்பினால் மறுமுனையில் ஒழுங்காக வந்து சேரும். என் அட்டவணை செய்கிற காரியம் அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, நீ கை வைத்தாலொழிய.

விளக்கு மூடியைத் துடைத்தாயா? ரிசீவரின் கண்ணாடியைத் துடைத்தாயா? இணைப்பை நேராகச் செருகினாயா, அல்லது வழக்கம்போல் செருகிவிட்டு அப்புறம் யோசித்தாயா? சின்ன வயதில் மிக்ஸியை மூடி போடாமல் ஓடவிட்டு, சமையலறைக் கூரை வரைக்கும் தக்காளி பூசியவள் நீ. உன் கையில் என் அட்டவணை என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் விளக்குகளை வாங்கி அளந்தேன். மூன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி வளைந்தன. அந்த அழகைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. அட்டவணையை ஏற்றிச் சோதித்தேன். கோடு போட்டாற்போல் நேராக வந்தது. இதற்குமேல் சரிபார்க்க என்ன இருக்கிறது?

வேலை போய்விடும் என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாய். போனால் போகட்டும். உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டிலும் அலமாரியும் அப்படியே கிடக்கின்றன. சாவி எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

மரியாதை தீர்ந்துவிட்டது. இனி நகலும் இல்லை, கோப்பும் இல்லை.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். மூடியைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன், ரிசீவரையே மாற்றிப் பார்த்தேன். உன் அட்டவணை இல்லாமல் வெளிச்சம் ஒழுங்காகப் பேசுகிறது, மெதுவாக என்றாலும். அட்டவணையைப் போட்டதும் உளறுகிறது. ஊழியர்கள் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். "லைட்டுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா, இல்ல உங்களுக்கா?" என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். "உங்க அக்கா பேருக்காகத்தான்மா இத வாங்கினோம்" என்றார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் வெறும் திமிர் என்று நினைத்தேன். கடைசிப் பத்தி வந்ததும்தான் பிடிபட்டது. அறை அப்படியே இருக்கிறதாம், சாவி இருக்கிற இடம் தெரியுமாம். இங்கே என் வேலை போக வேண்டும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க வேண்டும், நீ கதவைத் திறந்து "சொன்னேனே" என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். அதற்காக வேண்டுமென்றே கெட்ட அட்டவணையை அனுப்பியிருக்கிறாய். இல்லை என்றால் இல்லை என்று எழுது பார்ப்போம்.

நான் ஏன் கிளம்பினேன் என்பது உனக்கு மறந்திருக்கும். அவமானப்படுத்துகிறவர்களுக்கு ஞாபகம் தங்காது. வெளியூரிலிருந்து நம் ஆய்வகத்தைப் பார்க்க விருந்தினர்கள் வந்த அன்று, அவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். "இவ என் தங்கச்சி. ஏணி புடிக்கிறதுக்கு வெச்சிருக்கேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

ஏணி பிடித்தது உண்மைதான். விளக்கை ஓட்டுகிற பெட்டி கூரையில் விளக்கை ஒட்டியே இருக்க வேண்டும், கம்பி நீண்டால் அதுவே சிதைவைக் கூட்டும். அதனால் நீ ஏணி உச்சியில் நின்று பெட்டியின் குமிழைத் திருகுவாய். நான் கீழே ஏணியின் முதல் படியை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மேசை மேலிருக்கும் ரிசீவரின் மீட்டரைப் படித்து எழுதுவேன். உன் கட்டுரைகளில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் என் கண் பார்த்த எண். நீ திருகினாய், அவ்வளவுதான். குமிழ் திருக யாருக்கும் வரும்.

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.


மார்ச் 1

அவசரக்குடுக்கைக்கு,

வஞ்சகம் பண்ணத் தெரிந்திருந்தால் இந்நேரம் நான் துறைத் தலைவராக இருந்திருப்பேன். துறைத் தலைவராக இருக்கிறவனுக்கு மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கக்கூடத் தெரியாது, ஆனால் வஞ்சகம் தெரியும். எனக்கு ஒரு எண்ணைத் திருத்தி எழுதச் சொன்னால் கை வராது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதுகூடத் தெரியவில்லை என்றால், நீ என்னோடு இருந்தாயா, பக்கத்து வீட்டில் இருந்தாயா?

கெட்ட அட்டவணை அனுப்பி உன்னை வரவழைக்க வேண்டுமாம். நீ வந்து இங்கே என்னத்தைச் செய்வாய்? குளியலறைக் குழாயை மூடாமல் விடுவாய். படித்த பேப்பரை நாலாக மடித்து நாலு இடத்தில் போடுவாய். வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது. வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறது. நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்தால் தொண்டைக்கு எவ்வளவு நல்லது தெரியுமா?

விருந்தினர்கள் விஷயம் எனக்கு மறக்கவில்லை. அது ஒரு வேடிக்கைப் பேச்சு. அதற்குப் பெட்டியைத் தூக்குவாய் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

உனக்குப் பின் வந்த உதவியாளர்களும் உன்னைப் போலத்தான். பேனா மூடியைக் கடிக்கிறவள் ஒருத்தி இருந்தாள், நான் சத்தம் போட்டேனாம், வேறு ஆய்வகத்துக்கு மாறிவிட்டாள். நெட்டையன் ஒருவன் வந்தான், அவன் விடுப்பில் போனவன் திரும்பவே இல்லை. இப்போது கேட்டால் துறையில் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. எனக்கு ஒருவரும் தேவையில்லை. உனக்கு அனுப்பிய அளவுகளை நான் ஒருத்தியாகவே எடுத்தேன், ஒருவரும் மூச்சு விடாத அமைதியில். நீ நின்று எடுத்த அளவுகளைவிடச் சுத்தமாக வந்தன.

நம்பிக்கை இல்லையென்றால் மூல அளவுகள் அத்தனையையும் இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படி. பொய் எங்கே இருக்கிறது என்று காட்டு. காட்ட முடியாவிட்டால் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது, நகலை உன் இயக்குநரின் கோப்பில் வை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பொய் இல்லை. வேண்டுமென்றே செய்தாய் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வஞ்சகி இல்லை. அதைவிட மட்டமான ஒன்று நடந்திருக்கிறது.

மூன்று கம்பெனி விளக்குகள் மூன்றும் ஒரே மாதிரி வளைந்தன என்று புல்லரித்ததாக எழுதினாய். புல்லரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஒரே கம்பெனியின் இரண்டு விளக்குகள்கூடத் துளி வித்தியாசம் இல்லாமல் சோம்பல் படாது. இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் உன் தாளில் மூன்றும் மீட்டர் முள் ஒரே இடத்தைத் தொட்டதும் வளைகின்றன. அப்படியென்றால் வளைந்தது விளக்கு இல்லை, பார்த்த ரிசீவர். முகத்துக்கு நேரே டார்ச் அடித்தால் யாருக்குக் கண் தெரியும்? அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசியிருக்கிறது. கூசின கண் சொன்ன குறையை விளக்கின் தலையில் கட்டி, இருப்பதைவிடப் பல மடங்கு சோம்பலுக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறாய். இங்கே ஒழுங்காக எரிகிற விளக்கை உன் அட்டவணை பிடித்துத் தள்ளிவிடுகிறது. பிறகு அதே கூசின கண்ணை வைத்தே சோதித்தாய், கோடு போட்டாற்போல் நேராக வந்தது. வராமல் என்ன செய்யும்?

ரிசீவருக்கு ஏன் கண் கூசியது? நம் ஆய்வகத்தில் விளக்கு கூரையில் இருக்கும், ரிசீவர் மேசையில் இருக்கும், கூசுவதற்கு வழியே இல்லை. உன் தாளில் ‘தூரம்’ என்ற கட்டத்தைத் தேடினேன். காலியாக இருக்கிறது. கடைக்குப் போகிற துண்டுச்சீட்டில்கூடத் தேதி போடுகிறவள் நீ. உனக்கே கூச்சமாக இருந்ததால்தான் எழுதவில்லை.

விளக்கைக் கழற்றி மேசைக்கே கொண்டுவந்துவிட்டாய். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்து, ஒருத்தியாகக் குமிழையும் திருகி மீட்டரையும் படித்திருக்கிறாய். ஏனென்றால் நீ ஏணியில் ஏறினால் பிடிக்க ஆள் இல்லை. துறை முழுக்க ஒருவரும் இல்லை. பேனா மூடிக்காரியும் இல்லை, நெட்டையனும் இல்லை. விருந்தினர் முன்னால் சொல்லிச் சிரித்தாயே, அந்த வேலைக்கு இன்று உனக்கு ஒரு நாதி இல்லை.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைப்பானேன்?

இப்போது என் காரியம். கூரையிலேயே விளக்கை வைத்து, முறையான உயரத்தில் அளந்த புது அட்டவணை வேண்டும். இங்கே என்னால் அளக்க முடியாது. அளக்கும் கருவியை ஓட்டினாலே ரேடியோ இரைச்சல் கிளம்பும், தட்டுகள் செவிடாகிவிடும், என்னை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். நீதான் அளக்க வேண்டும். யார் காலையாவது பிடித்து ஏணியைப் பிடிக்கச் சொல். ‘தயவுசெய்து’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. என் முதல் கடிதத்தில் இருக்கும், பார்த்து எழுதிக்கொள்.


மார்ச் 17

அவசரக்குடுக்கைக்கு,

புது அட்டவணை இதோடு இருக்கிறது. விளக்கு கூரையில். ரிசீவர் மேசையில். தூரம் எழுதியிருக்கிறேன். கண் குளிரப் பார்த்துக்கொள்.

அறுபது சதவீத வெளிச்சம் வரை அளந்திருக்கிறேன். அதற்கு மேலே கட்டங்கள் காலி. காரணம் கேட்காதே.

நான் யாரையும் கெஞ்சவில்லை. எழுத்து கோணலாக இருப்பதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். பேனா சரியில்லை.

உன் கண்டுபிடிப்பு சரி. நெட்டையனாக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பான். கொஞ்சம் நாளாகியிருக்கும்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

நான் ஊகிக்கவில்லை. காவல் அறைக்குப் போய் வரிசையில் நின்று, உன் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். உங்கள் குமாஸ்தா எடுத்தார். மேடம் வேலைக்கு வந்திருக்கிறார், ஆனால் பேச மாட்டார் என்றார். நான் உன் தங்கை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏணியோட சேந்து சரிஞ்சிட்டாங்கம்மா. வலது மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. சத்தம் கேட்டு நான் ஓடறதுக்குள்ள அவங்களே எழுந்து, இடது கையால அந்த மீட்டர ஆஃப் பண்ணிட்டு இருந்தாங்க. அப்பறம்தான் டாக்டர்கிட்டப் போகவே ஒத்துக்கிட்டாங்க."

பேனா சரியில்லையாம். உனக்கு மூளை இருக்கிறதா? குமிழைத் திருக ஏறி, மீட்டரைப் படிக்க இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, இந்த வயதில், பிடிக்க ஆள் இல்லாத ஏணியில். ‘தயவுசெய்து’ என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, அதற்கு மணிக்கட்டைக் கொடுத்திருக்கிறாய். உன்னைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. காவல் அறையிலிருந்து திரும்பும்போது வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகம். யார் காலையாவது பிடி என்று எழுதியபோது எனக்கு நன்றாகவே தெரியும், நீ பிடிக்க மாட்டாய் என்று. தெரிந்துதான் எழுதினேன். அதனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும்தான்.

சோதனை முடிந்துவிட்டது. விளக்குகளை அறுபது சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் கட்டிவைத்து, உன் புது அட்டவணையை ஏற்றினேன். ஊழியர்கள் டேப்லெட்டோடு அறையின் மூலை முடுக்கெல்லாம் நடந்தார்கள். ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. அலமாரிகளின் நிழலிலும் சிதையவில்லை. கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டவர் வந்து, மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். அறைதான் மங்கல். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிகிறார்கள். இயக்குநர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுதும்மா. ஆனா எனக்கு என் செருப்பே தெரியல" என்றார். முழு வெளிச்சத்திலும் ஓட வைப்பதற்கு அவகாசம் கொடுத்திருக்கிறார். கேபிள் இழுக்கிற பேச்சு நின்றுவிட்டது. என் வேலை நிற்கிறது.

இங்கே எல்லாரும் மங்கலைப் பற்றிப் புலம்புகிறார்கள். நான் மட்டும் தலையைத் தூக்கி அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அளவை எடுக்கும்போது நீ ஏணியோடு சரிந்தாய் என்பது இந்த அறையின் மங்கலிலேயே எழுதியிருக்கிறது, என்னைத் தவிர யாருக்கும் புரியாது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. உன்னை மன்னிப்புக் கேட்க வைக்கவும் வரவில்லை, அதற்கு ஆயுசு போதாது. அறுபதுக்கு மேலே காலியாக இருக்கிற கட்டங்களை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அது வரைக்கும் ஏணிப் பக்கம் போனாயானால் அடுத்த கையை நானே உடைப்பேன்.

இந்தத் தடவை மேலே நான் ஏறுகிறேன். நீ கீழே நின்று மீட்டரைப் படி, ஏணியைப் பிடி. அதற்கு ஒரு கை போதும்.

அவசரக்குடுக்கை